ஒரு கிளாஸ் ஜீவனி

சாய்ந்தமருதுக் கடற்கரைக் கருவாட்டு வாடியில் மசூர் பாரை மீன்களைப் பிளந்து உப்புத் திணித்துக்கொண்டிருந்தான். மனைவி ஹப்ஸா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள். இரண்டு வயது றுஸ்தாவுக்கு நேற்றிலிருந்து வயிற்றோட்டமும் வாந்தியும். கிளினிக்கில் ஜீவனி என்ற உப்புச்சீனி மருந்துப் பக்கற்றுகள் கொடுத்திருந்தார்கள்.

“ஒரு பக்கற்ற ஒரு லீற்றர் தண்ணியில கரைக்கட்டாம். இதில போட்டிரிக்கி.” ஹப்ஸா பக்கற்றில் இருந்த எழுத்தைக் காட்டினாள்.

“ஒரு வாய்த் தண்ணியையே சத்தி எடுக்கிற புள்ள, லீற்றர் கணக்கில குடிக்குமா? ஒரு கிளாஸில கரை. அப்பதான் மருந்து முழுக்க உள்ள போகும்.”

“போட்டிரிக்கிற மாதிரி செய்வமே.”

மசூர் மீன் கழுவிக்கொண்டிருந்த ஷரிபுதீனைப் பார்த்தான். “எட்டாம் ஆண்டு படிச்ச டொக்டரம்மா சொல்றா, கேட்டுக்க.”

ஷரிபுதீன் சிரித்தான். ஹப்ஸாவும் சிரித்துவிட்டாள். வீட்டுக்குப் போய் ஒரு கிளாஸில்தான் கரைத்தாள். குடித்த பிள்ளை தாகத்தில் இன்னும் கேட்டது. மகள் குடிக்கிறாளே என்ற சந்தோசத்தில் இன்னொரு பக்கற்றையும் அப்படியே கரைத்தாள். அஸர் தொழுகைக்குப் பிறகு பிள்ளைக்கு வலிப்பு வந்தது.

ஆஸ்பத்திரியில் தாதி மிஸ்ஸி எவ்வளவு தண்ணியில் கரைத்தது என்று கேட்டதும் ஹப்ஸா கிளாஸின் உயரத்தைக் கையால் காட்டினாள்.

“அவ்வளவு உப்பு போனா, உடம்பில மிஞ்சிக் கிடந்த தண்ணியையும் இழுத்துப் போடும். நீங்க என்ன தொழில்?”

“கருவாடு போடுற, மிஸ்ஸி,” என்றான் மசூர்.

மிஸ்ஸி அவனை ஒருதரம் பார்த்தாள். உப்புப் போட்ட மீன் விடுகிற தண்ணியைத் தொட்டியிலிருந்து தினமும் இறைத்துக் கொட்டுகிறவன் அவன்தான்.

ஹப்ஸாவுக்கு உருளைக்கிழங்கு ஞாபகம் வந்தது. விஞ்ஞானப் பாடத்தில் ரீச்சர் ஒரு துண்டை உப்புத் தண்ணியில் ஊறவைத்து, சூம்பிப்போனதும் எடுத்துக் காட்டினார். ஹப்ஸா படம் கீறினாள். சோதனையில் அந்தக் கேள்விக்கு முழுப் புள்ளி. பிள்ளையின் வயிற்றுக்கும் அதேதான் என்று ரீச்சரும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை.

“நீ சரியாத்தானே வாசிச்ச புள்ள,” என்றான் மசூர். “எனக்கு ரெண்டு ஏச்சு ஏசியிரிக்கலாமே.”

“நானும் சிரிச்சன்தானே.”

விடிந்ததும் றுஸ்தா கண் திறந்தாள். மூளைக்கு ஏதும் ஆகியிருக்கிறதா என்று இப்போது சொல்ல முடியாது, கரண்டியால் தண்ணி கொடுத்துப் பாருங்கள் என்றார் டொக்டர். ஹப்ஸா தலையைத் தூக்கிப் பிடித்து, “மகள், உம்மாவப் பாருங்க” என்றாள். பிள்ளையின் கண் ஃபேனிலேயே நின்றது. முதல் கரண்டியில் கொஞ்சம் உள்ளே போனது. மிச்சம் கடைவாயால் வழிந்தது. மசூர் பிள்ளையின் நாடிக்குக் கீழே உள்ளங்கையை ஏந்தினான். ஹப்ஸா மறுபடியும் கரண்டியைத் தோய்த்தாள்.