கிழக்கே நனைந்த நூல்

1

இந்தக் கதையை எழுதும் எண்ணம் எனக்கு இல்லை. எழுதச் சொன்னார்கள். தென்காசியில் ஒரு பெண்கள் பள்ளிக்குப் புதிதாக வந்திருக்கும் விஞ்ஞான ஆசிரியை ஜெபமலர் ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்துகிறார். பத்தாம் வகுப்பில் நாற்பத்து மூன்று பிள்ளைகள். பௌதிகத்தைச் சிறப்புப் பாடமாகக் கேட்டிருப்பவர்கள் மூன்று பேர்.

"அண்ணாச்சி, நீங்க கதை எழுதுதீயளாமே. பிள்ளைகளுக்கு ஊக்கமா ஒண்ணு எழுதித் தாங்க. ரெண்டு பக்கம் போதும்."

"நான் ஒன்பதாவதுல நின்னவன், டீச்சர்."

"அப்ப படிக்காட்டா என்ன ஆகும்னு உங்களுக்குத்தான் நல்லாத் தெரியும்."

இந்தப் பதிலுக்காகவே ஒப்புக்கொண்டேன்.

2

முதல் தொடக்கம்: 'விஞ்ஞானம் என்பது மனித குலத்தின்

(அடித்துவிட்டேன். இதற்கு மேல் எழுதினால் யாராவது மாலையோடு வந்துவிடுவார்கள்.)

இரண்டாம் தொடக்கம்: 'குற்றால மலைமேல் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. குளிர்ந்த காற்று

(பொய். வானம் கறுக்கவில்லை. இந்தக் கதையில் எல்லாருக்கும் வந்த சங்கடமே அதுதான்.)

மூன்றாம் தொடக்கம்: 1962 ஆடி மாதம் குற்றாலத்தில், அருவிக்குப் போகும் வழியில் இருந்த ஒரு சத்திரத்தில், பள்ளிப் பிள்ளைகளின் விஞ்ஞானக் கண்காட்சி பத்து நாள் நடந்தது. இரவுக் காவலுக்கு என்னை வைத்திருந்தார்கள். காலை ஏழரைக்கு என் வேலை முடியும். ஏழு மணிக்கு ஒரு பெண் வருவாள்.

இது இருக்கட்டும்.

3

பெயர் ஷமீம் பானு. வயது பதினைந்து. தென்காசியிலிருந்து முதல் பஸ்ஸில், தன் ஆசிரியை ஞானபாக்கியத்தோடு வருவாள். அவளுடைய வாப்பா சேக் தாவூது நெசவுக்காரர். தறியில் ஏற்றுவதற்கு முன்னால் நீளமான நூல் வரிசைக்குக் கஞ்சி போட்டுத் தெருவில் இழுத்துக் கட்டிக் காயவைப்பார்கள். அதற்குப் பாவு என்று பெயர். சாரல்* விழுந்தால் பாவு கெட்டுவிடும்.

(* தென்காசிப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர்க்காரர் யாராவது படித்தால்: சாரல் மேலிருந்து விழும் மழை அல்ல. மேற்கே செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்றோடு படுத்துக்கொண்டு வரும். குடை பிடித்தவனுக்கும் இடுப்புக்குக் கீழே நனையும்.)

பள்ளிக்கூட மழைமானி வானத்தைப் பார்த்து வாயைத் திறந்து நிற்கிறது. சாரல் அதன் தலைக்கு மேலே பறந்து போய்விடுகிறது. தெருவெல்லாம் ஈரமாக இருக்கும் நாளிலும் மானியில் ஒன்றும் இருக்காது. இதை ஊரில் எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். ஷமீம் பானு ஒருத்திக்குத்தான் எரிச்சல் வந்தது.

அவள் செய்த கருவி இது. இடுப்பளவு கம்பம். அதில் படுக்கை வசமாக நான்கு பால்மாவு டப்பாக்கள், திசைக்கு ஒன்றாக வாய் திறந்தபடி. ஒவ்வொன்றுக்குள்ளும் முன்கூட்டியே எடை பார்த்த ஒரு கட்டு நூல். சத்திரத்து முற்றத்தில் அதை நட்டிருந்தாள். காலையில் நூலை எடுத்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் பள்ளித் தராசில் நிறுப்பாள். கூடிய எடைதான் குடித்த தண்ணீர். பனி ஈரம் நான்கு நூலிலும் ஒன்றுபோல ஏறியிருக்கும் என்பதால் அதைக் கழித்துவிடுவாள்.

(இவ்வளவு கெட்டிக்காரியாக எழுதினால் நம்புவார்களா என்று எனக்குச் சந்தேகம். ஒரு குறை வைக்கலாமென்று பார்த்தேன். வைக்கத் தேவையில்லை, அவளுக்கு வாய் நீளம்.)

முதல் நாளே என்னிடம் கேட்டாள்: "அண்ணாச்சி, ராத்திரி முழிச்சிருந்தீயளா?"

"காவக்காரன்கிட்ட கேக்குற கேள்வியா இது?"

"ஈரம் வந்துச்சா, எத்தனை மணிக்குன்னு கேக்கணும். தூங்கிட்டீயன்னா தூங்கிட்டேன்னு சொல்லுங்க. அதையும் எழுதிக்கிடுதேன்."

ஞானபாக்கியம் டீச்சர் வேறு பக்கம் திரும்பிச் சிரித்தார். அவள் நோட்டில் 'காவலாளி தூங்கிவிட்டார்' என்று எழுதினாள். அதை நானே பார்த்தேன்.

4

இனி விஷயம். பத்தாம் வகுப்பில் பௌதிகம் எடுக்க அப்பாவின் கையெழுத்து வேண்டும். அந்தத் தாளை அவள் நோட்டுக்குள் வைத்திருந்தாள். வாப்பா சொன்னது இவ்வளவுதான்: "பரிசு வாங்கு, கையெழுத்துப் போடுதேன். வாங்கலைன்னா இந்த வருசத்தோட போதும், வீட்டுல இரு."

அந்தப் பத்து நாளும் சாரல் இல்லை. சீசனுக்கு வந்தவர்கள் வெயிலில் விசிறிக்கொண்டு திரிந்தார்கள். அருவி கயிறு போல இறங்கியது. நோட்டில் முதல் நாள் நான்கு திசைக்கும் பூஜ்யம். இரண்டாம் நாளும் அப்படியே. ஆறாம் நாள் வரை இருபத்து நான்கு பூஜ்யம். பக்கத்து மேசையில் பையன்கள் ஓர் எரிமலை வைத்திருந்தார்கள். மணல் குவியல், உள்ளே மருந்து, தீ வைத்தால் பொறி கக்கும். கூட்டம் அங்கேதான்.

"ஏட்டி, உன் டப்பாவுல எப்ப மழ வரும்?" என்று ஒரு பையன் கேட்டான்.

"உன் மலை எத்தன நாளைக்கு ஒருக்க வெடிக்கும்?"

"நாங்க தீ வச்சா வெடிக்கும்."

"அதான் வித்தியாசம்."

ஏழாம் நாள் விடிந்ததும் நான் ஒரு செம்பில் தண்ணீர் எடுத்து அந்தக் கம்பத்தின் மேல் தெளித்தேன்.

ஏன் என்று எழுதிப் பார்த்தேன். 'இரக்கம்' என்று எழுதி அடித்தேன். உண்மையில், ஒரு பிள்ளை தினமும் வந்து ஒன்றுமில்லை என்று எழுதிவிட்டுப் போவதைப் பார்க்க எனக்கு எரிச்சலாக இருந்தது.

அவள் வந்தாள், நிறுத்தாள். கிழக்கு நூலில் நாற்பத்தொரு கிராம் கூடுதல். மேற்கில் ஒன்றுமில்லை. நான் வந்த படிக்கட்டு கிழக்கே இருந்தது. கம்பத்தைச் சுற்றிப் போகச் சோம்பல்பட்டு நின்ற இடத்திலிருந்தே தெளித்திருந்தேன். சாரல் ஒருநாளும் கிழக்கேயிருந்து வராது. பிறந்ததிலிருந்து இந்தக் காற்றில் நனைந்தவன்தான், ஆனாலும் அது எனக்குத் தோன்றவில்லை.

அவள் முகத்தில் சந்தோஷம் ஒரு கணம்கூட வரவில்லை. நூலைத் திரும்ப ஒருமுறை நிறுத்தாள். பிறகு எழுதினாள்: 'மேற்கு 0. கிழக்கு 41. இது சாரல் இல்லை. யாரோ தெளித்த தண்ணீர். இன்றைய கணக்கு 0.'

நான் தீப்பெட்டியைத் தேடுவதுபோல் சட்டைப் பையைத் தடவிக்கொண்டிருந்தேன்.

5

பத்தாம் நாள் நடுவர் வந்தார். கடைசி நாள் என்பதால் என்னைப் பகலிலும் இருக்கச் சொல்லியிருந்தார்கள். ஏதோ கல்லூரியில் பேராசிரியர், நல்ல மனிதர்தான். நோட்டைப் புரட்டினார்.

"எல்லாம் பூஜ்யமா இருக்கேம்மா. கருவி வேலை செய்யுதுன்னு எப்படி நம்புறது?"

"சாரல் இல்லாதப்ப இல்லைன்னு காட்டுது சார். அதுவும் வேலைதான்."

"இந்த ஏழாம் நாள்?"

"யாரோ ஏமாத்தப் பாத்திருக்காங்க. ஏமாறலை."

"யாரு?"

"கருவி ஆளைக் காட்டாது சார். திசையத்தான் காட்டும்."

நடுவர் சிரித்தார். நான் இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன்.

6

இந்த இடத்தை நான் மூன்று விதமாக எழுதினேன்.

ஒன்று: நான் முன்னால் வந்து, "நான்தான் சார் தெளிச்சேன். நான் நின்ன பக்கத்தைக்கூட இந்தப் பிள்ளை கண்டுபிடிச்சிட்டா. இதைவிடச் சோதனை என்ன வேணும்?" என்று சொல்கிறேன். கைதட்டல். முதல் பரிசு.

இரண்டு: அந்த நொடியில் மேற்கே காற்று திரும்பி, சாரல்

மூன்று: நடுவரே யோசித்துப் பார்த்து, அந்த 41 தான் கருவி வேலை செய்வதற்கு அத்தாட்சி என்று

மூன்றும் நடக்கவில்லை. நான் வாய் திறக்கவில்லை. வேலை போய்விடும் என்ற பயம். முதல் பரிசு எரிமலைக்குப் போனது. அவளுக்கு ஒன்றுமில்லை.

இரண்டாவது முடிவைத்தான் ஜெபமலர் டீச்சர் விரும்புவார். எழுதுகிறவனுக்குச் சாரல் வரவழைப்பது பெரிய காரியமில்லை. ஒரு செம்புத் தண்ணீரும் ஒரு வாக்கியமும் எனக்கு ஒரே விலைதான். ஆனால் பதினைந்து வயதில் ஒருத்தி, தனக்கு வேண்டியது கைக்கு எட்டும் இடத்தில் இருந்தபோது, 'இன்றைய கணக்கு 0' என்று எழுதினாள். அவளைப் பற்றி எழுதும் காகிதத்தில் நான் எப்படி மழை பெய்ய வைப்பேன்?

7

சாயங்காலம் சேக் தாவூது மகளை அழைத்துப் போக வந்தார். ஒல்லியான மனிதர். விரல் நுனியெல்லாம் கஞ்சிப் பசையில் வெடித்திருந்தது.

"பரிசு?"

"கிடைக்கல வாப்பா."

நோட்டை வாங்கிப் பார்த்தார். எண் மட்டும் படிக்கத் தெரியும்.

"பத்து நாளும் முட்டையா போட்டிருக்கே?"

"சாரல் அடிக்கலையே வாப்பா. வேற என்னத்தப் போட?"

"இதுல நாப்பத்தொண்ணுன்னு இருக்கு."

"அது கள்ளத் தண்ணி. கிழக்கேயிருந்து யாரோ தெளிச்சது."

அவர் கிழக்கு டப்பாவிலிருந்து நூலை உருவி இரண்டு விரலுக்கிடையில் உருட்டினார். மேற்கு நூலையும் உருட்டினார். மூன்று நாளில் இரண்டும் காய்ந்திருந்தன. நூலைத் தொட்டு ஈரம் பார்ப்பது அவருடைய தொழில்.

"இத நீ சொல்லாம இருந்திருந்தா பரிசு கிடைச்சிருக்குமோ?"

"கிடைச்சிருக்கும்."

"பின்ன ஏன் சொன்னே?"

"பொய்ப் பாவுல நீங்க துணி நெய்வீயளா?"

அவர் நூலை டப்பாவுக்குள் திரும்ப வைத்தார். "அந்தத் தாள எடு" என்றார். அவள் எடுத்துக் கொடுத்தாள். காலியாக இருந்த கையெழுத்துக் கோட்டைப் பார்த்தார். நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "வா, பஸ் வந்துரும்" என்றார். ஞானபாக்கியம் டீச்சர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவர் கையை உயர்த்தி, "வீட்டுல பேசிக்கிடுதேன் டீச்சர்" என்றார்.

பஸ் திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். அடுத்த வாரம் எனக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது. ஞானபாக்கியம் டீச்சருக்கு எங்கோ மாற்றல் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

8

நேற்று இதை ஜெபமலர் டீச்சரிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "கடைசி பக்கம் எங்க?" என்றார்.

"இல்லை."

"அந்தப் பிள்ளை இப்ப என்னவா இருக்கா? காலேஜுல வேலை பாக்கான்னு ஒரு வரி போட்டாப் போதுமே அண்ணாச்சி. பிள்ளைகளுக்கு ஒரு தைரியம்."

"எனக்குத் தெரியாது டீச்சர். தெரியாததைத் தெரியாதுன்னுதான் எழுத முடியும்."

அவர் தாள்களை அடுக்கி மேசையில் வைத்தார். பிறகு, "சரி, அப்படியே போடுதேன்" என்றார்.

ஆகவே, பௌதிகம் கேட்காமல் மிச்சமிருக்கும் நாற்பது பேருக்கும் சொல்கிறேன். நீங்கள் கையெழுத்து வாங்க வேண்டிய தாள் வெள்ளிக்கிழமைக்குள் வர வேண்டும் என்று டீச்சர் சொன்னார். சேக் தாவூது கையெழுத்துப் போட்டாரா என்பதை நான் பார்க்கவில்லை. உங்கள் வீட்டில் நடக்கப்போவதை நீங்கள் பார்ப்பீர்கள். கேளுங்கள். இல்லை என்றால் இல்லை என்றே எழுதுங்கள், மறுநாளும் போய்க் கேளுங்கள். என்ன கிடைத்ததோ அதை, திசையோடு, கீழே எழுதிக்கொள்ளுங்கள். இடம் விட்டிருக்கிறேன்.