மண்டியிட்டவன்

பால் டம்ளரை மாதம்மாள் எடுத்து, அடுப்புக்குப் பின்னால் யார் கைக்கும் எட்டாதபடி தள்ளி வைத்தாள்.

"அக்கா, ஒரு சொட்டு ஊத்திடு. உன் கைக்காகத்தான் உசுரு நிக்குது" என்றாள் பக்கத்து வீட்டு முனிலட்சுமி.

"கஞ்சி கேப்பாரு. அப்ப தர்றேன்."

"கஞ்சி குடிக்கற நெலமையா இது?"

மாதம்மாள் அரிசி நொய்யைக் களைந்தாள். கட்டிலில் அவள் புருஷன் நாராயணப்பன் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து, வாயை அகலத் திறந்து மூச்சைத் தேடிக்கொண்டிருந்தான். படுத்தால் அடைத்துக்கொள்ளும் என்பதால் மாசக்கணக்காக உட்கார்ந்தே தூக்கம். வயது இன்னும் ஐம்பதைத் தொடவில்லை. போகிற உயிருக்குப் பெண்டாட்டி கையால் பால் ஊற்றி அனுப்புவது வழக்கம். ஊற்றாதவரை போகமாட்டான் என்று அவள் தனக்குள் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தாள். பைத்தியக்காரக் கணக்குத்தான். கைவசம் அவளுக்கு வேறு எதுவும் மிச்சமில்லை.

டாக்டர் கையை விரித்துவிட்டார். நெஞ்சுக்குள் கல்தூள் படிந்து இறுகிவிட்டதாம், மருந்துக்குக் கரையாதாம்.

குந்தாரப்பள்ளிக்கு அந்தப் பக்கம், நாலுவழிச் சாலைக்காக மண்ணைக் கிளறிப் போட்டிருந்த இடத்தைத் தாண்டி, ஒரு கிரானைட் பட்டறையில் அவனுக்கு வேலை. வருஷக்கணக்காக அங்கே கல் அறுத்தவன்தான். கடைசியாக வந்தது ஒரு வெளிநாட்டு ஆர்டர். எகிப்து தேசத்துப் பழைய கல் ஒன்றை போட்டோவைப் பார்த்து அச்சாக அப்படியே நிறையச் செதுக்கித் தர வேண்டும். கேடயம் மாதிரி ஒரு பலகைக்கல். ஒரு பக்கம் நீளக் கழுத்துகளைப் பின்னிக்கொண்ட இரண்டு மிருகங்கள், நடுவில் கண்மை அரைக்கும் குழி. மறுபக்கம் உயரக் கிரீடம் வைத்த ராஜா தண்டாயுதத்தை ஓங்கி நிற்கிறான். இன்னொரு கையில் மண்டியிட்ட ஒருவனின் தலைமுடி. ராஜாவுக்குப் பின்னால் ஒருத்தன் அவனுடைய செருப்பைச் சுமந்து நிற்கிறான்.

"ஐயாயிரம் வருசத்துக்கு முந்தின ராசாவாம். மேல பாரு, கெளுத்தி மீனு, அது பக்கத்துல உளி. அதுதான் அவன் பேராம்" என்று ஒருநாள் வீட்டில் சிரித்தான் நாராயணப்பன். "ராசா பேரை எழுதவே நம்ம உளி வேணும், பாத்துக்கோ."

"இதுல மையி அரைப்பாங்களா?"

"அரைச்சிருக்க மாட்டாங்க. கோயில்ல வெச்சு, ராசா எப்பேர்ப்பட்டவன்னு காட்டறதுக்குத்தான்."

"மண்டி போட்டிருக்கறவன்?"

"தோத்தவன். பேரு கல்லுல இருக்குமாம், யாருக்கும் சரியாத் தெரியல."

தண்ணீர் விட்டு அறுத்தால் தூசி அடங்கும். ஆனால் சேறு கோட்டை மறைத்துவிடும். முழங்கால் சதைக்கும் கிரீட மடிப்புக்கும் கோடு கண்ணில் படவேண்டும் என்று அவனேதான் குழாயை மூடிவிட்டு, மெஷினைக் காய்ந்த கல்லில் ஓட்டினான். பட்டறையில் எல்லோரும் அப்படித்தான். முகத்தில் ஒரு துண்டு கட்டியிருப்பார்கள். வீட்டுக்கு வரும்போது புருவம்வரை வெள்ளையாக வருவான். மாதம்மாள் கேலி செய்வாள், கிழவன் வந்துட்டான் என்று. அப்படிச் சிரித்த தன் வாயை இப்போது அவளால் பொறுக்க முடியவில்லை.

செதுக்கியதில் ஒரே ஒரு கல்லை மட்டும் சூப்பர்வைசர் செல்வம் கழித்துவிட்டார்.

"போட்டோவுல மண்டி போட்டவன் வாய் மூடியிருக்குல்லண்ணே, நீங்க ஏன் தொறந்து விட்டீக?"

"முடியப் புடிச்சு இழுத்தா வாய் தொறக்காதா சார்?" என்றானாம் இவன். அப்போதே மூச்சு வாங்க ஆரம்பித்திருந்தது. கழித்த கல்லை ஒரு டெம்போவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தான். அது பின்பக்கம் தண்ணீர்த் தொட்டிமேல் சாய்ந்து கிடந்தது.

நொய் கொதித்து வரும்போது முனிலட்சுமியின் அலறல் கேட்டது. மாதம்மாள் டம்ளரைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள். கால் தடுக்கிப் பாதிப் பால் தரையில் போயிற்று. அதற்குள் கொழுந்தன் திம்மராயன் அண்ணனைப் படுக்க வைத்து, கண்ணை மூடி, வேட்டிக் கிழிசலால் தாடையைச் சேர்த்துக் கட்டியிருந்தான். அத்தனை மாசம் மூடாத வாய் இறுக மூடிக்கிடந்தது.

"கட்ட அவுத்துடு."

"கட்டுனத அவுக்கக் கூடாது அண்ணி."

"ஒரு சொட்டு. ஒரே ஒரு சொட்டு, திம்மராயா."

"எத்தினி வாட்டி சொன்னோம்? அப்ப ஊத்தாம உட்டுட்டு..." என்று தொடங்கியவன், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். அவள் உதட்டின் மேல் பாலைத் தடவினாள். அது உள்ளே போகவில்லை, கட்டுத்துணியில் ஊறியது.

பேரிகை ஊரிலிருந்து மகள் ரேவதி வந்து சேர்ந்ததும் எடுத்துவிட்டார்கள். சொந்தக் கொல்லைக்காட்டிலேயே, வரப்போரம் குழி. பட்டறையிலிருந்து செல்வம் மாலையோடு வந்திருந்தார். மண் தள்ளி மூடியதும் திம்மராயன் நாலு ஆள் வைத்து அந்தக் கல்லைத் தூக்கிவந்தான்.

"அது வேணாம்" என்றாள் மாதம்மாள். "அந்தக் கல்லுதான் அவரைத் தின்னுச்சு."

"சும்மா இரு அண்ணி. அவரே செதுக்குன வேடியப்பன். ஊர்ல எவன் தலைமாட்டுல இப்பிடி ஒரு கல்லு நிக்குது?"

சுற்றுவட்டாரத்தில் வேடியப்பன் என்றால் ஆயுதம் ஏந்தி நிற்கும் நடுகல் சாமிதான். ஆயுதம் ஓங்கியவனைக் கண்டதும் ஊரே கும்பிட்டுவிட்டது.

செல்வத்துக்குத் தர்மசங்கடமாக இருந்தது. "அது சாமி இல்லண்ணே. ராசா."

"ராசான்னா?"

"அந்த நாட்டுல ராசாவே சாமிதான்னு சொல்லுவாக..."

"அப்பறமென்ன!" என்றான் திம்மராயன்.

கல்லை நட்டார்கள். மண்டியிட்டவனின் இடுப்புவரை மண்ணுக்குள் போயிற்று. ராஜாவுக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, செல்வம் கொண்டுவந்த மாலையில் மிச்சத்தைச் சூட்டினார்கள். மாதம்மாளின் பேச்சு அங்கே யார் காதிலும் ஏறவில்லை. ரேவதிகூட, "உடும்மா, நல்லாத்தான் இருக்குது" என்றாள்.

மூன்றாம் நாள் காலை பால் தெளிக்க எல்லோரும் கொல்லைக்குப் போனார்கள். திம்மராயன் கிரீடத்தின் உச்சியில் சொம்பைக் கவிழ்த்தான். பால் மீன்மேலும் உளிமேலும் ஓடி, ராஜாவின் நெஞ்சில் வழிந்து மண்ணில் இறங்கியது. ஊர் கன்னத்தில் போட்டுக்கொண்டது. ரேவதியும் ஊற்றினாள்.

"அண்ணி, நீ ஊத்து. மேல, தலைமேல."

சொம்பில் கொஞ்சம்தான் மீதி இருந்தது. மாதம்மாள் ராஜாவை நிமிர்ந்து பார்க்கவில்லை. ஈர மண்ணில் முட்டி போட்டு உட்கார்ந்தாள். கன்னம் தரையைத் தொடுகிற அளவுக்குக் குனிந்தால்தான் கீழே இருப்பவன் முகம் தெரிந்தது. அந்த வாயில் ஒரு நெல் நுழையலாம். உள்ளே கல்தூள் அடைத்திருந்தது. புடவைத் தலைப்பைத் திரித்து அதைத் துடைத்தாள்.

"அங்க இல்ல அண்ணி..."

விரலைப் பாலில் நனைத்து ஒரு சொட்டு விட்டாள். வாய் நிரம்பியது. தாடை வழியாக வழிந்தது. அவள் மறுபடியும் விரலை நனைத்தாள்.