தாழ்ப்பாள் இல்லாத கதவு

போதையை விடுவதற்கான எங்கள் குழு கூடும் இடத்தில் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. அதைக் கழற்ற வைத்த புண்ணியவதி நான்தான். முதல் வாரம் பாட்டிலோடு உள்ளே போய்த் தாழ் போட்டவள், முக்கால் மணி நேரம் கழித்துத்தான் வெளியே வந்தேன். மறுநாளே திருப்புளியோடு ஆள் வந்துவிட்டார்.

தாழ் இல்லாத அறையில் எனக்கு ஒரு சொட்டு மூத்திரம்கூட இறங்காது. அதனால் வாராவாரம் என் முறை வருவதற்குள் முட்டிக்கொண்டு வந்துவிடும். பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடிவிடுவேன்.

இது எட்டாவது வாரம், கடைசி. பட்டதையும் குடித்ததையும் ஒரு தடவையாவது வாய்விட்டுச் சொன்னால்தான் ஆலோசகரம்மா படிவத்தில் கையெழுத்துப் போடுவார். "பேப்பரைக் காட்டு, பிள்ளையைக் கூட்டிட்டுப் போ" என்று கறாராகச் சொல்லிவிட்டாள் என் தங்கை. என் மகள் ஒரு வருஷமாக அவளிடம்தான் இருக்கிறாள்.

காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. என்ன பிரயோசனம்? எங்கள் குழுவில் இருக்கும் நர்ஸம்மா, தான் போதைக்காக விழுங்கிய மாத்திரைகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி முடிக்கவே ஒரு மணி நேரம் ஆனது. என் முறை வந்ததும் கை தானாகப் பைக்குப் போனது.

"எங்கடி கிளம்பிட்ட?" குழுவில் என் பக்கத்தில் உட்காரும் பஸ் ஓட்டும் அக்கா கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவசரம்க்கா. இங்க தாழ்ப்பாள் இல்ல."

"அட, இவ்வளவுதானா? உள்ள போ. நான் கதவுல சாஞ்சு உக்காந்துக்கறேன். என்னைத் தாண்டி எவன் வர்றான்னு பாக்கறேன்."

அக்காவின் உடம்புக்கு அது வெறும் பேச்சில்லை. போனேன். அப்பாடா!

"உயிரோட இருக்கியா?" என்றார் நர்ஸம்மா.

"இருக்கேன்."

"அப்ப அங்கிருந்தே சொல்லேன்."

ஆலோசகரம்மா "அதெப்படிங்க..." என்று ஆரம்பித்தார். பிறகு அவருடைய நாற்காலியும் கதவுப் பக்கம் நகரும் சத்தம் கேட்டது.

சொன்னேன். "என் புருஷன் பெல்ட்டைக் கழட்டினா நான் பாத்ரூமுக்குள்ள போய்த் தாழ் போட்டுக்குவேன். வாளிக்குப் பின்னாடி பாட்டில் இருக்கும். குடிச்சாத்தான் நடுக்கம் நிக்கும். அவன் எங்களை விட்டுட்டு ஓடினப்புறமும் நான் உள்ளயேதான் இருந்தேன். ஒருநாள் கதவைத் தட்டுற சத்தம். அவன்தான்னு நெனச்சுத் திறக்கல. தட்டினது என் பொண்ணு. தங்கச்சி வந்து தூக்கிட்டுப் போற வரைக்கும் தட்டிக்கிட்டே இருந்தா."

வெளியே பேனா கீறும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் கதவுக்கு அடியில் ஒரு தாள் நுழைந்து வந்தது. கையெழுத்து!

"ஈரம் படாம எடுங்க" என்றார் ஆலோசகரம்மா, மூக்கை உறிஞ்சியபடி.

மார்போடு அணைத்துக்கொண்டு கதவைத் தள்ளினேன். அசையவில்லை.

"இருடி, அழுது முடிச்சுக்கறேன்" என்றார் அக்கா.

"அப்புறம் அழலாம்க்கா, எந்திரிங்க! பிள்ளையைக் கூப்பிடப் போகணும்!"

படபடவென்று கதவைத் தட்டினேன். திறக்கச் சொல்லி ஒரு கதவை நான் தட்டியது அதுதான் முதல் தடவை.