ரதத்துக்கு அடியில் ஒரு பேட்டரி

எங்க வீட்டுக்காரருக்கு மூளை இருக்கு, யாரு இல்லன்னா? நீலாய்ல ஒரு யூனிவர்சிட்டி லேப்ல டாக்டர் ஹேமநாதன்னு கதவுல பேரு போட்டு உட்கார வச்சிருக்காங்க. ஆனா ரந்தாவ் பக்கத்துல எங்க எஸ்டேட் மாரியம்மன் ரதத்துக்கு அடியில, தன் கையால செஞ்ச பேட்டரிய வைக்கிறேன்னு சொன்னாரே, அன்னிக்கு அந்த மூளை எங்க மேயப் போச்சுன்னுதான் எனக்குத் தெரியல.

அவரு செய்றது இதுதான். எஸ்டேட் செம்பனை எண்ணெய் மில்லுல பாய்லர் சாம்பல் குவிஞ்சு கெடக்கும். அதுல இருந்து சிலிக்கான்னு ஒன்னைப் பிரிச்சு, பேட்டரிக்குள்ள வைக்கிற தகட்டுல பூசுறாரு. சாதாரண பேட்டரியில அங்க கரிதான் இருக்குமாம். சிலிக்கான் கரியவிடப் பல மடங்கு சார்ஜ் புடிக்கும். ஆனா ஊறப்போட்ட உளுந்து கணக்கா உப்பும். உப்பி உப்பிச் சுருங்கி, கொஞ்ச நாள்லயே நொறுங்கிப் போயிடும். அதனால தலைமுடியவிட ஆயிரம் மடங்கு மெலிசா, நூல் நூலா, நடுவுல இடம் விட்டு வளர்க்கிறாங்க. "உப்பட்டும் புனிதா. உப்பறதுக்கு இடம் குடுத்துட்டா அது ஏன் உடையப் போவுது?"ம்பாரு. கோயிலுக்குச் செஞ்ச பெட்டியிலயும் அதே கதைதான். செல்லுக்கும் செல்லுக்கும் நடுவுல வெரல் போற அளவு சந்து விட்டு, சுத்திக் காத்து வர ஓட்டை போட்டிருந்தாரு.

வருசா வருசம் ரதத்துக்குப் பின்னால ஜெனரேட்டர் வண்டி வரும். அது போடுற சத்தத்துல உருமி மேளமே கேக்காது. கோயில் தலைவர் முருகையா ஒரு நாள் சலிச்சுக்கிட்டாரு. உடனே நம்ம ஆளு, "நான் பேட்டரி தர்றேன் தலைவரே"ன்னுட்டாரு. தலைவருக்கு வாயெல்லாம் பல்லு. மைக்குல வேற சொன்னாரு, நம்ம மில்லு சாம்பல்ல நம்ம ஆத்தாளுக்கு வெளிச்சம்னு. அந்தச் சந்தோசத்துல எங்க மக ரதிக்கும் ஒரு மரியாதை. ஆறு வயசு அவளுக்கு. காப்புக் கட்டி, பூத்தட்டோட அம்மன் காலடியில உட்காரலாம்னு சொல்லிட்டாங்க.

ரதியோட நானும் காப்புக் கட்டிட்டேன், எங்க வீட்டுக்காரரு கட்டல. லேப்ல வேலை, கோழி இல்லாம சோறு எறங்காது. காப்புக் கட்டாதவங்க ரதத்தத் தொடக்கூடாது. அதனால மத்தியானமே ரதம் ஜோடிக்கிற அர்ச்சுனன்கிட்ட பெட்டியக் குடுத்து, சந்த அடைக்காதீங்க, வேற லைட்ட மாட்டாதீங்கன்னு பாடம் எடுத்தாரு. அர்ச்சுனனும் நல்லாத்தான் தலையாட்டினாரு. ஆனா வீட்டுக்கு வீடு பொம்பளைங்க ரதத்துல மஞ்சத்தண்ணி ஊத்துவாங்களே, கரண்டு பெட்டி நனைஞ்சிட்டா? அந்தக் கவலையில மனுசன் பெட்டியப் பிளாஸ்டிக்ல சுத்தி, மேல மஞ்சப் பட்டு கட்டி, சந்துல எல்லாம் சாமந்திப் பூவத் திணிச்சிட்டாரு. அம்மன் தலைக்குப் பின்னால சுத்துற சக்கர லைட்டையும் அதுலயே மாட்டிட்டாரு. எல்லாம் பக்திதான். பக்திய நான் எங்க போயி திட்டுறது?

பொழுது சாயறப்ப ரதம் கெளம்புச்சு. ரெண்டாவது லயத்து வீட்டு வரிசையத் தாண்டினதும் ரதிக்குத் தண்ணி குடுக்கப் பக்கத்துல போனேன். மூக்குல ஒரு வாடை அடிச்சுது. நகப்பாலிஷ் அழிக்கிற தண்ணி வாடை. "பேட்டரியில அந்த வாடை வந்தா ஹேண்ட்பேக்கக்கூட தேடாத, ஓடு"ன்னு கல்யாணமான புதுசுல அவரு சொல்லிக் குடுத்த ஒரே விசயம் அதுதான்.

"அம்மா, குண்டி சுடுதும்மா," ரதி மேல இருந்து சிணுங்கினா.

பலகையத் தொட்டேன். அடுப்புல வச்ச கல்லு மாதிரி கொதிச்சுது.

ஓடிப்போயி அவரு கையப் புடிச்சு இழுத்துட்டு வந்தேன். ஒரு தடவ மோந்து பாத்தாரு. நேரா தலைவர்கிட்ட போயி, "ரதத்த நிப்பாட்டுங்க, பெட்டிய இறக்கணும்"னாரு.

"தம்பி, அம்மன் கெளம்பிட்டா நடுவழியில நிக்கப்படாது. இன்னும் ஒரு லயம்தான லா. கோயிலுக்குப் போயி பாத்துக்கலாம்."

"தலைவரே, தெர்மல் ரன்அவே ஆயிடும்."

உருமி காதப் பொளக்குது, இவரு தெர்மல்ங்கிறாரு. "அட மனுசா, வெடிக்கப் போவுதுன்னு சொல்லுய்யா!"ன்னு கத்தினேன்.

"வெடிக்க வாய்ப்பு இருக்கு," அப்படின்னாரு. பொய் வராது அவருக்கு, அந்த நேரத்துலகூட.

"வாய்ப்புதான? ஆத்தா பாத்துக்குவா," தலைவர் கையக் காட்டிட்டாரு. கயிற இழுத்துக்கிட்டே போனாங்க. இவரு ரதத்துல ஏறப் போனாரு. காப்புக் கட்டாம ஏறாதீங்கண்ணேன்னு இளவட்டங்க இழுத்து இறக்கிட்டானுங்க. நான் ரதிக்குக் கைய நீட்டினேன். சாமிகிட்ட இருக்கிற புள்ளைய இறக்கினா ஆகாதுக்கான்னு ரெண்டு பொண்ணுங்க என் தோளப் புடிச்சுக்கிட்டாங்க. ரதி ஓன்னு அழ ஆரம்பிச்சா.

எனக்கு ஒரு நாளும் சாமி வந்ததில்ல. மத்தவங்களுக்கு வந்தா ஓரமா நின்னு வாயப் பொத்திச் சிரிச்சவ நான். அன்னிக்குக் கொண்டைய அவுத்துவிட்டு, அடி வயித்துல இருந்து கத்தினேன் பாருங்க!

புடிச்சிருந்த கையெல்லாம் தானா விலகிடுச்சு. உருமிக்காரங்க என் பக்கம் திரும்பி அடிய வேகமாக்கினாங்க. சுத்தி இடம் விட்டுட்டாங்க.

"டேய் முருகையா!" எங்கப்பா வயசு அவருக்கு. "என் காலடியில நெருப்ப வச்சு ஊர்வலமாடா போறீங்க? வயிறு எரியுதுடா! புள்ளைய இறக்குடா! பூசாரிய இறங்கச் சொல்லுடா! பெட்டியச் செஞ்சவன் வந்து எடுக்கட்டும்டா!"

"எடுத்துர்றோம் தாயி, எடுத்துர்றோம்," தலைவர் கை கூப்பினாரு. ரதத்த நிப்பாட்டிட்டாங்க.

ரதி பக்கம் பார்வை போயிடாம இருக்கத்தான் படாத பாடு பட்டேன். சாமி ஒரு புள்ளையத் தேடுமா? ஆடிக்கிட்டே முடிக்குள்ள இருந்து பாத்தேன். மொத அவள இறக்கினாங்க, அப்புறம் பூசாரிய.

இவரு வயரப் புடுங்கினாரு. பெட்டி மூடி அதுக்குள்ள உப்பிக் கெடந்துச்சு. எல்லாரையும் விலகச் சொல்லிட்டு, மூங்கில் கழியில மாட்டி, செம்பனை மரத்தோரம் கொட்டியிருந்த மணல் மேட்டுக்கு இழுத்துட்டு ஓடினாரு. போட்டுட்டுத் திரும்பறதுக்குள்ள உஸ்ஸுன்னு வெள்ளைப் பொகை. அப்புறம் ஆள் உசரத்துக்குத் தீ. செல்லு ஒவ்வொன்னா பட்டு பட்டுன்னு வெடிச்சு, தாழ்ந்திருந்த மட்டையெல்லாம் கருகிப் போச்சு. இவரு கையில கொப்புளம், வேற யாருக்கும் ஒன்னும் ஆகல.

உருமி நின்னுடுச்சு. அடுத்த நிமிசம் மொத்த ஊரும் என் காலடியில. தலையில கொடம் கொடமா மஞ்சத்தண்ணி. "நீ வராட்டி புள்ளை என்னாயிருக்கும் ஆத்தா!"ன்னு தலைவர் தரையில விழுந்து அழுவுறாரு. கைப்புள்ளையத் தூக்கிட்டு வந்து திருநீறு கேக்குறாங்க. ஒரு பொம்பள, "என் மவனுக்குச் செனாவாங் ஃபேக்டரியில வேலை நெலைக்குமா தாயி?"ங்கிறா.

நான் ரதியத் தேடினேன். அவ அப்பா கால்சட்டையக் கெட்டியாப் புடிச்சுக்கிட்டுப் பின்னால நின்னா.

"வாடி தங்கம்," கைய நீட்டினேன்.

இன்னும் பின்னால போனா. "அது அம்மா இல்லப்பா," அப்படின்னா.

பெத்த வயிறு எரியறதுன்னா என்னான்னு அப்பத்தான் எனக்குத் தெரிஞ்சுது. இவரு என்னைப் பாத்து இப்ப எதுவும் சொல்ல வேணாம்னு தலைய ஆட்டினாரு. வாய மூடிக்கிட்டு இருந்தா அவரு பேட்டரிய யாரும் கொறை சொல்ல மாட்டாங்க, என்னையும் காலத்துக்கும் கும்பிடுவாங்க. கும்பிட்டு?

"எனக்குச் சாமியும் வரல, பூதமும் வரல!" கத்திட்டேன். "நடிச்சேன்! அவரு சொன்னாரு, நீங்க கேக்கல. நான் கெஞ்சினேன், அதையும் கேக்கல. வேற என்னா செய்யச் சொல்றீங்க?"

தலைவர் மெதுவா எழுந்து வேட்டியத் தட்டினாரு.

"ஆத்தா பேர்லயா நடிச்ச?"

"ஆமா."

"நீயெல்லாம் ஒரு பொம்பளையா!"ன்னு யாரோ காறித் துப்பினாங்க. திருநீறு கேட்டவ புள்ளைய இழுத்து முந்தானைக்குள்ள மூடிக்கிட்டா. "பெட்டி என்னோடது, தப்பும் என்னோடது,"ன்னு இவரு சொன்னாரு. யாரு காதுலயும் ஏறல.

ரதி மட்டும் எட்டிப் பாத்தா. "நெசமா நடிச்சியாம்மா?"

"ஆமாண்டி."

"அப்ப ஏன் இன்னும் அழுவுற?"

"நீ கிட்ட வரமாட்டேங்கிறியே, கொரங்கே! அப்புறம் சிரிப்பாங்களா?"

ஓடி வந்து மேல விழுந்தா. என் ஈரமெல்லாம் அவ மேல அப்பிக்கிச்சு.

பின்னால கயிறு இழுக்கிற சத்தம். லைட்டு இல்லாம, ரெண்டு பந்தம் மட்டும் புடிச்சுக்கிட்டு, ரதம் எங்களத் தாண்டிப் போச்சு. ஒருத்தரும் எங்க பக்கம் திரும்பல, திருநீறும் குடுக்கல. ரதி என் கழுத்த விடவே இல்ல.