பிரிசில்லாவின் முட்டி

எங்கள் கால்பந்து கிளப்பின் முதலாளி காசிநாதன் சார் ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார். அவர் முன்னால் இன்னொரு தாள் இருந்தது, என்னைக் கிளப்பிலிருந்து விடுவிக்கும் என்.ஓ.சி. என் பெயர், கோவா கிளப்பின் பெயர் எல்லாம் அச்சாகியிருந்தன. அவர் கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

"மொத நீ எழுது. அப்பறம் நான் போடறேன்."

மணி நாலு பத்து. ஐந்து மணிக்குக் கிளப் மாறுவதற்கான கெடு முடிகிறது. அதற்குள் அந்தத் தாள் கோவாவுக்குப் போய்ச் சேராவிட்டால், ஒப்பந்தத்தில் மீதியுள்ள இரண்டு வருஷமும் இவருடைய கிளப்பில்தான் கிடக்க வேண்டும். எனக்கு வயது இருபத்தாறு. இருபத்தெட்டில் என்னைத் தேடிக் கோவாவிலிருந்து யார் போன் பண்ணப் போகிறார்கள்? எங்கள் ஊர் தேவனாம்பட்டினத்திலிருந்து கிளப் இருக்கும் அண்ணாமலை நகர் வரும்வரை பஸ்ஸில் அதையேதான் நினைத்துக்கொண்டு வந்தேன்.

"என்னா சார் எழுதணும்?"

"ஆடித் திருவிழா மேட்ச்சுல நீ ஆடல. கரையில உக்காந்து வேடிக்க பாத்த. அவ்ளோதான், ஒரே வரி."

கதவருகே நின்ற மேனேஜர் கலியமூர்த்தி அண்ணன் தரையைப் பார்த்தார். நான் அந்த மேட்ச்சில் இரண்டு கோல் போட்டது அவருக்கும் தெரியும்.

பிரிசில்லா கம்மாபுரத்துக்காரி. எங்கள் அணியின் டிஃபண்டர், என் ரூம்மேட். எங்கள் ஊர்த் திருவிழா மேட்ச்சில் வெளியூர்க்காரர் ஆடக் கூடாது. ஆனால் ஆள் குறைந்தால் ஒரு வழி உண்டு. அன்று காலையில் எங்கள் வீட்டில் சோறு தின்றவள் எங்கள் வீட்டுப் பெண், ஊர்த் தலைவர் கேள்வி கேட்கமாட்டார். அன்றைக்கு ஆள் குறைந்தது. சங்கரா மீன் குழம்பு ஊற்றி, சாப்பிடு சாப்பிடு என்று அவளை உட்காரவைத்து, ஆட்டத்தில் இறக்கிவிட்டவள் நான்தான். ஒப்பந்தத்தில் வெளி ஆட்டம் கூடாது என்று இருப்பது எனக்குத் தெரியாதா? தெரியும். ஊர் மேட்ச்சை எல்லாம் யார் கேட்கப் போகிறார்கள் என்ற திமிர்.

மறுநாள் கிளப் பிராக்டிஸில், மழைத் தண்ணீர் தேங்கிய மூலையில் கால் புதைந்து அவள் முட்டி திரும்பியது. ஆபரேஷன் செய்யாவிட்டால் ஓட முடியாது என்றார் டாக்டர். பிராக்டிஸில் அடிபட்டால் செலவு கிளப்புடையது. காசிநாதன் சார் எங்கிருந்தோ ஒரு செல்போன் வீடியோவைப் பிடித்தார். அதில் அவள் முகம் தெளிவாக இருந்தது, என் முதுகு மட்டும் இருந்தது. வெளியே ஆடிய அன்றைக்கே அவள் ஒப்பந்தம் முடிந்துவிட்டது, மறுநாள் பட்ட அடிக்குக் கிளப் பொறுப்பில்லை என்று அவளை நீக்கிவிட்டார். அவள் கால்பந்து சங்கத்திடம் முறையிட்டாள். நாளைக்கு விசாரணை. எங்கள் கிளப்பிலிருந்து வேறு யாராவது ஆடினார்களா என்று சங்கம் கேட்டிருக்கிறது. பாவி, அவள் என் பெயரைச் சொல்லவில்லை.

"யோசிக்காத கயலு," என்றார் சார். "அவ கத முடிஞ்சி போச்சி. நீயாவது போய் ஆடு."

அந்தக் குரலில் இருந்த அக்கறையைக் கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பேனாவை எடுத்தேன். நானும் ஆடினேன், பிரிசில்லாவைக் கூப்பிட்டதே நான், மேட்ச் முடிந்து அவள் நன்றாக நடந்துதான் வந்தாள் என்று எழுதினேன். கையெழுத்துப் போட்டேன். போனில் படம் பிடித்துப் பிரிசில்லாவுக்கு அனுப்பிய பிறகுதான் தாளை நீட்டினேன்.

படித்ததும் அவர் முகம் சிவந்தது. "உன்னையும் இப்பவே தூக்கறேன்!"

"சார்," என்றார் கலியமூர்த்தி அண்ணன் மெல்ல, "தூக்கிட்டா அவ ஃப்ரீ. கோவாவுக்கு என்.ஓ.சி.யே வாணாம்."

"அப்ப வெச்சிக்கறேன். ரெண்டு வருஷம் பெஞ்ச தேய்க்கட்டும்."

"வெச்சிக்கோங்க சார்," என்றேன். "ஒரே மேட்ச், ஒரே தப்பு. என்ன வெச்சிக்கிட்டு அவள மட்டும் எப்பிடி தூக்குவீங்க? நாளைக்கு சங்கத்துல கேப்பாங்க இல்ல?"

நாலு முப்பத்தைந்து. கோவாவிலிருந்து இரண்டு முறை போன் வந்து நின்றது. பிறகு சார் சாய்ந்து உட்கார்ந்து சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் எனக்கு நிஜமாகவே பயம் வந்தது.

"சரி. ரெண்டு பேரையும் தூக்கிடறேன். 'நான் செஞ்சது தப்பு, நீக்கினது சரி'ன்னு நீ ஒத்துக்கிட்டு கையெழுத்து போட்டா இன்னிக்கே செல்லும். அஞ்சு மணிக்குள்ள நீ கோவா ஆளு. அவளுக்கும் அதே சட்டம், அதே ஞாயம். பொய்யும் இல்ல, ஒண்ணும் இல்ல. போடறியா?"

போட்டுவிடலாம் என்றுதான் இருந்தது. ஏன் மறைக்க வேண்டும்? அவர் சொன்னதில் பொய்யே இல்லை. நான் போட்டால் எனக்குக் கோவா, அவளை நீக்கியதும் சரியென்றாகி அவளுக்கு நொண்டிக் கால். போடாவிட்டால் என்னை இவர் லேசில் நீக்க முடியாது, நீக்கினால் நானும் சங்கத்துக்குப் போவேன். அது தெரிந்துதான் என்னிடம் சம்மதம் கேட்கிறார். அண்ணன் அவசர அவசரமாகத் தட்டச்சு செய்து தாளைக் கொண்டுவந்து வைத்தார். நாலு நாற்பத்தாறு. கோவாவிலிருந்து மறுபடியும் போன் அடித்தது. எடுத்தால் அழுதுவிடுவேன் என்று தெரிந்தது, அணைத்தேன்.

"நாளைக்கி பிராக்டிஸ் எத்தினி மணிக்கி சார்?" என்று கேட்டேன்.

சார் அந்தத் தட்டச்சுத் தாளை எடுத்து இரண்டாகக் கிழித்தார்.

"காலைல அஞ்சரைக்கிம்மா," என்றார் கலியமூர்த்தி அண்ணன்.

எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. மணி ஐந்தாகும்வரை அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். வெளியே போனால் திரும்பி ஓடிவந்து, இன்னொரு தாள் அடிக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிடுவேனோ என்று பயமாக இருந்தது.