மோதிரப் போர்வைக்கு எந்தத் தையல்?

"இதுக்கு அடியில படுத்துத் தூங்கப்போறது யாரு?"

இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் அர்லிஸ் எந்தப் போர்வையையும் மிஷினில் ஏற்ற மாட்டாள். அமெரிக்காவில், நெப்ராஸ்காவின் அந்த மூலையில் ஆளாளுக்குத் துண்டுத் துணிகளை இணைத்து மேல்துணி தைத்துக்கொண்டு வருவார்கள். நடுவே பஞ்சு, கீழே அடித்துணி வைத்து மூன்றையும் சேர்த்துத் தைப்பது அவள் வேலை. குழந்தை என்றால் இடைவெளி விட்ட மேகத் தையல், அப்போதுதான் மெத்தென்று இருக்கும். டிராக்டர் ஓட்டுகிறவனுக்கு நேர்கோடு. கல்யாணப் பெண்ணுக்கு இறகு வடிவத் தையல். புழு ஊர்ந்த மாதிரி நெளிந்து நெளிந்து ஓடும் தையல் ஒன்று உண்டு. அதைக் கேட்டால் மட்டும் எரிந்து விழுவாள்.

"யாரு படுத்தா எனக்கென்னன்னு இருக்கிறப்ப போடுறது அது. நாய்ப் படுக்கைக்குப் போடலாம்."

அவளிடம் வரும் பெண்களுக்கு நடுவே ஒரே ஆண் வெல்டன். லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்து ஏழு வருஷம். நாலு வருஷமாகப் பேரன் பேத்திகளுக்குத் தைத்துக்கொண்டு வருகிறார். அவருக்கென்றே ஜன்னலோரம் ஒரு நாற்காலி போட்டு வைத்திருந்தாள். ஒரு நாளாவது உட்கார்ந்தாரா மனுஷன்?

"காபி போடட்டுமா?"

"இல்லீங்க அர்லிஸ், வெளிய வண்டி இன்ஜின் ஓடிட்டிருக்கு."

அந்த இன்ஜின் சத்தம் தெருமுனை தாண்டும்வரை அவளுக்கு வேலை ஓடாது. அறுபத்திரண்டு வயதில் இந்த ஏக்கம் தேவையா என்று தன்னையே திட்டிக்கொள்வாள். திட்டினால் போய்விடுமா?

நவம்பரில் அவர் கொண்டுவந்தது மோதிரப் போர்வை. மோதிரத்துக்குள் மோதிரமாகக் கோத்த வட்டங்கள். அந்த ஊரில் அதைக் கல்யாணத்துக்குத்தான் தைப்பார்கள்.

"யாருக்கு?" என்றாள்.

அவர் காது சிவந்தது. "ஒரு அம்மாவுக்கு. அதுக்கு மேல கேக்காதீங்க. உங்களுக்கு எது தோணுதோ போடுங்க."

போனில் சொன்னபோது தோழி லவான் குதித்தாள். "மோதிரமா? அடியே, அப்ப கல்யாணம்தான்! எந்த மகராசியோ, கொடுத்து வச்சவ!"

"வச்சிருக்கட்டும்," என்று போனை வைத்தாள் அர்லிஸ்.

நாலு நாள் அந்தத் துணியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் ஒரு இறகு வளையம் அழகாக உட்காரும். அது கண்ணுக்குத் தெரிந்ததால்தான் வயிறு எரிந்தது. எவளோ ஒருத்தி அவர் பக்கத்தில் படுக்க, இறகு நான் போடவேண்டுமா? ஐந்தாம் நாள் மிஷினை முடுக்கி, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை நெருக்க நெருக்கமாகப் புழுத் தையலை ஓட்டித் தள்ளினாள். ஓட்டி முடித்துவிட்டு அழுதாள்.

சனிக்கிழமை வெல்டன் வந்தார். பிரித்துப் பார்த்தார். தையல்மேல் விரலை ஓட்டினார்.

"புழுத் தையல்."

"ஆமா."

"யாரு படுத்தா உங்களுக்கென்னன்னு..."

"ஆமா."

"சரிங்க. நான் கேக்கறதுக்கு முன்னாடியே பதில் சொல்லிட்டீங்க." சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னத் துணித் துண்டை எடுத்து மேஜையில் வைத்தார். போர்வையின் மூலையில் பெயர் எழுதித் தைக்கிற துண்டு. 'அர்லிஸுக்கு, வெல்டன்' என்று கோணல்மாணலாக நூலில் எழுதியிருந்தது. தொப்பியைப் போட்டுக்கொண்டு வாசலுக்கு நடந்தார்.

"நில்லுங்க!" அவள் குரல் அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. "வேற எவளுக்கோன்னு நெனச்சேன் மனுஷா! நாலு வருஷமா நீங்க உக்காருவீங்களா உக்காருவீங்களான்னு பாத்துட்டு இருக்கேன். அந்த எரிச்சல்ல தைச்சுட்டேன்!"

அவர் திரும்பினார். "பிரிக்க முடியுமா?"

"இவ்வளவு நெருக்கமாவா? தையல் பிரிக்கிற முள்ளால ஒவ்வொண்ணா எடுக்கணும். மார்ச் ஆயிடும்."

அவர் வெளியே போய்விட்டார். அர்லிஸ் கண்ணை மூடிக்கொண்டாள். தெருமுனைவரை போகும் சத்தத்துக்குக் காத்திருந்தாள்.

இன்ஜின் நின்றது.

உள்ளே வந்து தொப்பியை ஆணியில் மாட்டினார். ஜன்னலோர நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, போர்வையின் ஒரு முனையை மடியில் எடுத்துக்கொண்டார்.

"அந்த முள்ளு இன்னொண்ணு இருக்குங்களா?"