முழங்கால் உயரத்தில் ஒரு பள்ளம்

“இழுங்க அத்தை! மூச்சப் பிடிச்சு இழுங்க!”

அத்தை இழுத்தாள். காரின் பின்கதவில் அட்டை மாதிரி ஒட்டிக்கொண்டிருந்த, அடைப்பு எடுக்கும் ரப்பர் கப் ‘ப்ளக்’ என்று கழன்றது. பிடித்த கட்டையோடு இரண்டடி பின்னால் போய், கொடியில் காய்ந்த போர்வைக்குள் மறைந்தாள்.

பள்ளம் மட்டும் அசையவில்லை. உள்ளங்கை அகலம், முழங்கால் உயரம்.

மருமகள் கடிகாரத்தைப் பார்த்தாள். பன்னிரண்டு இருபத்தைந்து. ஒரு மணிக்கு மாமா தையல் கடையிலிருந்து சாப்பாட்டுக்கு வந்துவிடுவார்.

“ஆமா, இது சமையலறை கப்பா, இல்ல...” போர்வையிலிருந்து வெளியே வந்த அத்தை கையை முகர்ந்தாள்.

“கேக்காதீங்க. சோப்பு போட்டுத்தான் கழுவினேன்.”

மூன்று மாதமாகக் கட்டிக்காத்த ரகசியம். மாமா தெருமுனை தாண்டினதும் மருமகள் சாவியை எடுப்பாள்; ஐம்பத்தாறு வயது அத்தை ஸ்டியரிங்கைப் பிடிப்பாள். நாளைக் காலை லைசென்ஸ் டெஸ்ட். இந்த நேரம் பார்த்து, இன்று கேட்டுக்குள் திருப்பி நிறுத்திவிட்டு இறங்கினால், கதவில் இது.

“தூண்ல உரசியிருப்பேன். அவரு பாத்தா சாவியப் பூட்டி வச்சிடுவாரு. உனக்கு எதுக்கு இந்த வேலைன்னு முப்பது வருஷமா பாடுற மனுஷன். அப்புறம் டெஸ்ட்டாவது மண்ணாவது!”

“தூணு சொரசொரன்னு இருக்கு. ஆனா பெயின்ட்ல ஒரு கீறல்கூட இல்ல, பாருங்க.” மருமகளுக்கு அது கொஞ்சம் இடித்தது. யோசிக்க நேரமில்லை. “உங்க அதிர்ஷ்டம்னு வச்சுக்குவோம். வெந்நீர் கொண்டாங்க.”

மருமகள் பள்ளத்தின் மேல் வெந்நீரை மெதுவாக ஊற்றினாள். கப்பின் விளிம்பை நனைத்து, காற்றில்லாமல் அழுத்தினாள். “இந்த தடவ ஒரே இழுப்பு வேணாம். குட்டிக் குட்டியா. குழந்தை கையிலேர்ந்து கத்தரிக்கோல வாங்குற மாதிரி.”

ஒன்று. இரண்டு. மூன்று...

‘டொப்!’

தகர மூடி திறந்த மாதிரி சத்தம். பள்ளம் மேலே வந்துவிட்டது! அத்தை மருமகளின் கன்னத்தை ஈரக்கையால் வழித்து முத்தமிட்டாள்.

“இருங்க, கொடியப் பாருங்க.” கதவின் பளபளப்பில் துணிக்கொடியின் பிம்பம் தெரிந்தது. ஓர் இடத்தில் மட்டும் நெளிந்திருந்தது. கரண்டிக் காம்பில் பழந்துணி சுற்றி, நெளிவின் ஓரத்தில் அத்தை பதமாகத் தட்டினாள். தட்டத் தட்டக் கொடி நேரானது.

“கண்ண ஏமாத்திட்டோம். அவரு விரல ஏமாத்த முடியுமா? ஒரு நூல் தடிச்சாலே கண்டுபிடிச்சிடுவாரே!” என்றாள் அத்தை.

கேட் கிறீச்சிட்டது.

மாமா. பத்து நிமிஷம் முன்னாலேயே! கையில் துணிப்பை. நேற்றிலிருந்து காலை லேசாக இழுத்து நடக்கிறார். கடைப் படியில் தடுக்கிவிட்டதாம். வந்தவர் வீட்டுக்குள் போகவில்லை. நேராகப் பின்கதவுக்குப் போனார். கஷ்டப்பட்டுக் குனிந்தார். கண்ணை மூடிக்கொண்டு கதவை ஒருமுறை தடவினார். திரும்ப ஒருமுறை.

“இங்க ஒரு பள்ளம் இருந்துச்சே... எங்க?”

அத்தை கப்பை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, முன்னால் நீட்டினாள். “நான்தான். தூண்ல இடிச்சுட்டேன். மூணு மாசமா ஓட்டுறேன். நாளைக்கு டெஸ்ட். திட்டணும்னா இப்பவே திட்டிடுங்க.”

மாமா திட்டவில்லை. பையிலிருந்து ஒரு மெத்தையை எடுத்தார். தடித்த துணி, இரட்டைத் தையல், சீட்டில் கட்ட நான்கு நாடா. “நாளைக்கு இதப் போட்டு உக்காரு. உன் உசரத்துக்கு ரோடு எங்க தெரியப் போகுது?”

“உங்களுக்கு... எப்படி?”

“நான் ஓட்ட உக்காரும்போதெல்லாம் சீட்டு நாலு இஞ்சு முன்னால கெடக்கு. உன் கால் அளவு எனக்குத் தெரியாதா?”

“வேணாம் வேணாம்னு சொன்னது நீங்கதானே!”

“சொன்னேன். நீ என்னைக்குக் கேட்ட? ஓட்டுறதுதான் ஓட்டுற, ரோட்டப் பாத்து ஓட்டுன்னுதான் இது. நேத்து மத்தியானம் நீங்க ரெண்டு பேரும் கண்ணசந்தப்ப சீட்ட அளவெடுக்க வந்தேன். டேப்பு கால்ல சிக்கிக்கிச்சு...”

மருமகள் கதவைப் பார்த்தாள். மாமாவின் காலைப் பார்த்தாள். கீறல் இல்லாத பள்ளம். முழங்கால் உயரம்.

“மாமா! அப்ப அந்தப் பள்ளம்?”

அவர் பேன்ட்டை மெல்லச் சுருட்டினார். முட்டி, சரியாக உள்ளங்கை அகலத்துக்கு வீங்கியிருந்தது.

“அமுங்குனத எழுப்பிட்டீங்க. எழும்புனத அமுக்க ஏதாவது வழியிருக்கா?”